தீபாவளிக்குக் காருக்கு லீவு

ஃபிளஷிங், நியூயார்க்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முட்டிவலி தேவலையா?

"கார் வாங்கிட்டியே, ஷெட்டு எவ்வளவு பெரிசு?"ன்னு கேட்டிருந்தீங்க. ஷெட்டாவது ஒண்ணாவது! என்னை மாதிரி வாடகைக்குடித்தனக்காரனுக்குத் தெருதான் ஷெட்டு. வாடகை கிடையாது. ஆனா வாரத்துல ஒரு நாள் காலையில இந்தப் பக்கம், இன்னொரு நாள் காலையில அந்தப் பக்கம், ஒன்றரை மணி நேரம் காலி பண்ணிக் கொடுக்கணும். கார்ப்பரேஷன் வண்டி பெருக்க வரும். கீழே பெரிய பிரஷ் சுத்திக்கிட்டே நடைபாதை ஓரமா உரசிப் போகும். கார் நின்னா ஒதுங்கிப் போயிடும். குப்பை அங்கேயே கிடந்து, அடுத்த மழைக்குச் சாக்கடை வாயை அடைக்கும். 1950லேர்ந்து இந்தச் சட்டம் இருக்கு.

அந்த நேரத்துல தெருவைப் பார்க்கணுமே! நைட்டியோட ஒரு பாட்டி, ஷேவிங் நுரை காதோரம் காயாம ஒருத்தர், எல்லாரும் அவங்கவங்க கார்ல காபியோட உட்கார்ந்திருப்பாங்க. பிரஷ் வண்டி மூலை திரும்பினதும் மொத்தக் காரும் உறுமி வெளியே வரும். அது தாண்டினதும் பழைய இடத்துக்கே பாயும்.

தீபாவளி அன்னிக்கு இந்தச் சட்டத்துக்கு லீவு. நிஜம்தான் சித்தப்பா. பள்ளிக்கூடத்துக்கே 2024லதான் தீபாவளி லீவு கிடைச்சது. காருக்கு அதுக்கு ரொம்ப முன்னாடியே கிடைச்சாச்சு. எனக்கு அன்னிக்கும் ஆபீஸ்.

தீயணைப்புக் குழாய்கிட்ட மட்டும் எந்நாளும் நிறுத்தக்கூடாது. ரெண்டு பக்கமும் 15 அடி விடணும். கோடு கீடு போட்டிருக்க மாட்டாங்க. நெசவுக்காரன் பிள்ளையாச்சே, நடைபாதையில குனிஞ்சு முழம் போட்டேன்: சரியா 10 முழம். போறவன் வர்றவன் எல்லாம் நான் யோகா பண்றேன்னு நினைச்சான். மீறினா 115 டாலர் அபராதம். ரூபாயில பெருக்கிப் பார்க்காதீங்க, ராத்திரி தூக்கம் வராது.

எதிர்வீட்டு பொலேரோவால ஆட்டோ கூட நுழையலைன்னு எழுதியிருந்தீங்க. தாத்தா காலத்துல விடியறதுக்குள்ள தெரு நீளத்துக்கும் தறிக்கான பாவு நூலை நீட்டி, கஞ்சி போட்டுப் பிரஷ் ஓட்டிக்கிட்டிருப்பாங்களே, அப்போ எவனாவது வண்டியை நிறுத்தினானா? அவர் ஒரு சத்தம் போட்டா மாட்டுவண்டிக்காரன் மூணு தெரு சுத்திப் போவான். ரசீதும் இல்லை, அபராதமும் இல்லை. தெருவுக்கு வேலை இருந்துச்சு, அவ்வளவுதான். பவர்லூம் வந்தது, கஞ்சி போட்ட பாவு மில்லுலேர்ந்தே உருளையில வந்து இறங்குது. தெரு சும்மா கிடக்கேன்னு பொலேரோ வந்து படுத்துக்கிச்சு.

டோக்கியோவுல இருக்கற என் சிநேகிதன் இன்னொண்ணு சொன்னான். நிறுத்த இடம் இருக்குன்னு போலீஸ் சர்டிபிகேட் கொடுத்தாத்தான் அங்கே கார் உங்க பேருக்கு வருமாம். அந்த இடமும் வீட்டுலேர்ந்து 2 கிலோமீட்டருக்குள்ள இருக்கணுமாம். 1962லயே போட்ட சட்டம். இதை எதிர்வீட்டுக்காரர் காதுல விழற மாதிரி திண்ணையில உட்கார்ந்து சத்தமா படிங்க. தம்பி கார் வாங்கப் போறேன்னு குதிக்கறானாமே, அவன் இருக்கறப்போ மட்டும் இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க.

இப்படிக்கு,
உங்க அண்ணன் மகன்