கடைசியாகத் தூக்கியவர்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. கைக்குழந்தை ஏப்பம் விடும் நேரத்தில் யார் தோளில் கிடக்கிறதோ, பெருமை முழுக்க அவருக்கே. அதற்கு முன்னால் கூடத்துக்கும் திண்ணைக்கும் ஒரு மணி நேரம் நடந்து, முதுகைத் தட்டித் தட்டி உள்ளங்கை மரத்துப்போனவர் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறாது. அது பெற்ற தாயாகவே இருந்தாலும் சரி. "உங்கிட்ட அடங்கல, எங்கிட்ட வந்ததும் விட்டுட்டான் பாரு" என்று ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். மேல்முறையீடு கிடையாது.

தங்கை வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்தில் வாலாஜாபாத்துக்கு வந்தாள். தலைப்பிரசவம். பையன் பிறந்தான். கொஞ்ச நாள் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். பிறகு ஒரு நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் முட்டியை வயிற்றோடு மடக்கி, கையை இறுக்கி மூடிக்கொண்டு, முகமெல்லாம் சிவக்க ஆரம்பித்தவன்தான். தினமும் அதே நேரம். எங்கள் ரயில் நிலையத்துக்கு வரும் வண்டிகூட அத்தனை நேரம் தவறாமல் வந்து நான் பார்த்ததில்லை.

நான் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு பாகம் பழுதாக வந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும். ஏன் கீறல்? ஏன் அந்த உளி? ஏன் மாற்றவில்லை? இப்படிப் போய் வேரைப் பிடிக்க வேண்டும். ஜப்பான்காரன் முறை. சகிச்சி டொயோடா தொடங்கியது என்பார்கள். அவர் கார் செய்தவர் அல்ல, தறி செய்தவர். நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியைச் செய்து, 1924இல் அதை முழுத் தானியங்கியாகவே கொண்டுவந்தார். கார் கம்பெனி பிற்பாடு அவர் மகன் காலத்தில் வந்தது. இதை ஒருமுறை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அப்பா குழித்தறியில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "நூல் அறுந்தா எங்க தறியும்தான் நிக்கும். நான் நிறுத்துவேன்" என்றார்.

அந்த ஐந்து 'ஏன்' வீட்டிலும் நடந்தது. நான் தொடங்கவில்லை, ஆயாவும் அம்மாவும் தாங்களாகவே தொடங்கினார்கள். ஏன் அழறான்? வயித்துல வாயு. ஏன் வாயு? தாய்ப்பால்ல வந்தது. பால்ல ஏன் வந்தது? "இன்னாடி துன்ன நேத்து?" அவள் உருளைக்கிழங்கு போண்டா தின்றிருந்தாள். ஏன் தின்றாள்? மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வரும்போது வாங்கி வந்தார். ஏன் வாங்கி வந்தார்? "அவங்க ஆரணி வீட்ல அப்டித்தான், பத்தியம்னா இன்னான்னே தெரியாது." ஐந்தாவது ஏனில் சம்பந்தி வீடு வந்துவிட்டது. எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் கம்பெனியிலும் ஐந்தாவது ஏன் சப்ளையர் தலையில்தான் போய் விழும்.

அடுத்தது பரிகாரம். ஆயா என்னை நாட்டு மருந்துக்கடைக்கு அனுப்பினாள். பொழுது சாய்ந்துவிட்டதால் வசம்பு என்று வாயால் சொல்லக்கூடாதாம். 'பேர் சொல்லாதது' ஒரு துண்டு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு. இவற்றை ஒவ்வொன்றாகக் கல்லில் தாய்ப்பால் விட்டு உரசி நாக்கில் தடவினால் அது உரை மருந்து. வசம்பை மட்டும் விளக்கில் சுட்டு, கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றி வட்டம் போட வேண்டும். பெருங்காயத்தை வெந்நீரில் கரைத்து இன்னொரு வட்டம். வெற்றிலையில் எண்ணெய் தடவி, தணலில் வாட்டி, அதை வயிற்றின் மேல். இதெல்லாம் ஆனபின் பையன் வயிற்றைப் பார்த்தால் யாரோ கோலம் பழகிய மாதிரி இருந்தது. அவன் அந்த வயிற்றை ஏற்றி இறக்கி, முன்பைவிடச் சத்தமாக அழுதான்.

"ராஜா காலத்து வைத்தியம்டா இது" என்றாள் ஆயா.

ராஜா காலத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா பேசிவிட முடியாது, ஏனென்றால் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. செங்கல்பட்டு சாலையில் போனால் பழைய சீவரம். அங்கே பாலாற்றைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம். மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் மூன்று மணல்கள் சேரும் இடம். அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலில் வேதம் படித்த மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கை ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததைச் சொல்கிறது. ஒரு வைத்தியர், கத்தி வைத்து அறுக்க ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். அத்தனை பேருக்கும் சம்பளம் வெட்டியிருக்கிறது. ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் வெட்டியிருக்கிறது. படித்துப் பார்த்தால் கடுக்காய் சேர்ந்தவை பல, ஆமணக்கெண்ணெய் சேர்ந்த தைலங்கள், பழைய நெய். விடுதிச் சாப்பாடு அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே லட்சணம்தான் என்று எனக்குப் பட்டது.

இதை ஆயாவிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று அம்மா இன்றுவரை சொல்கிறாள். "கடுக்கா இருக்குதா? வெளக்கெண்ண இருக்குதா? அப்புறம் இன்னா?" என்று ஆயா தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். குழந்தைக்கென்று அதில் எதுவும் சொல்லவில்லையே என்றேன். "ஏன், அந்தப் பசங்கல்லாம் புள்ளையா இல்லாம நேரா வளந்தா வந்தாங்க?" சோழ மன்னனைத் துணைக்கு வைத்துக்கொண்டவளோடு யார் வாதாடுவது?

எதிர் வீட்டு அம்மாள் வேறு நோய் கண்டுபிடித்தார். "உரம் விழுந்திருக்கு." இரண்டு பேர் ஒரு புடவையின் இரு முனையைப் பிடித்து, நடுவில் குழந்தையைப் போட்டு உருட்டினால் சரியாகிவிடுமாம். தங்கை பையனை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டில் அந்த மாதம் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த மருத்துவ முடிவு அது.

பிறகு கிரைப் வாட்டர். இதற்கு ஆயா, அம்மா இருவர் ஆதரவும் உண்டு. 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் செய்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர். அந்த நாளில் இவற்றோடு 3.6 சதவீதம் ஆல்கஹாலும் இருந்தது. குழந்தைகள் ஏன் அமைதியானார்கள் என்று தலைமுறை தலைமுறையாக வியந்தவர்கள் புட்டியின் லேபிளைப் படித்திருக்கலாம். 1990களில் இங்கிலாந்தில் அதை எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது சென்னையின் டி.டி.கே. நிறுவனம். 1928இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய டி.டி. கிருஷ்ணமாச்சாரி பின்னாளில் இரண்டு முறை நாட்டின் நிதியமைச்சராக இருந்தார். செல்வ வரியும் செலவு வரியும் போட்டுப் பெரியவர்கள் வயிற்றைக் கலக்கியவர் அவர்.

தூர்தர்ஷன் காலத்து விளம்பரம் அம்மாவுக்கு மனப்பாடம். குழந்தை அழும். அம்மாவுக்கு அவள் அம்மா சொல்வாள், அவளுக்கு அவள் அம்மா, எல்லோரும் நீ குழந்தையாக இருந்தபோதும் இதைத்தான் கொடுத்தேன் என்பார்கள். வாதத்தின் பலம் எனக்குப் பிடிக்கும். அழுத குழந்தைகள் எல்லாம் கொள்ளுப்பாட்டி ஆகிவிட்டார்கள், ஆகவே மருந்து வேலை செய்கிறது. எங்கள் சட்டத்தை அப்படியே புட்டியில் அடைத்தது போல இருக்கும். அழுகை நிற்கும் நேரத்தில் பக்கத்தில் இருப்பதுதான் அதன் தொழில்.

டாக்டர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. சின்ன வயசுப் பெண். எங்கள் மாதிரி நிறையக் குடும்பங்களைப் பார்த்திருக்கிறார் என்பது தெரிந்தது. எடையைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு, "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர உள்ள ஒண்ணும் போகக்கூடாது. கிரைப் வாட்டரும் வேண்டாம், உரை மருந்தும் வேண்டாம், வசம்பு கூடவே கூடாது" என்றார். அமெரிக்காவில் 1968லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவை இருந்தால் நேரம் பார்க்காமல் ஓடி வாருங்கள், இல்லையென்றால் பொறுத்திருங்கள் என்றார்.

எத்தனை நாள் பொறுப்பது என்று மாப்பிள்ளை கேட்டார். 1954இல் வெஸல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார். ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அதற்குக் கோலிக் என்று பெயர். ஆறாவது வாரம் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். வாயுதான் காரணமா என்றால், அதுவும் உறுதியில்லை. அழும்போது குழந்தை வாய் வழியாகக் காற்றை விழுங்குகிறது, அதனால் வயிறு உப்புகிறது. வாயு வந்து அழுகிறதா, அழுது வாயு வருகிறதா? எங்கள் கம்பெனியாக இருந்தால் இரண்டு டிபார்ட்மென்ட்டும் ஒருவர் மேல் ஒருவர் மெயில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் தேடிப் படித்ததில் ஒன்றை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. சண்டிகரில் 71 தாய்மார்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் பால் கொடுத்தபின் முதுகைத் தட்டி ஏப்பம் விடவைக்கச் சொன்னார்கள். 2015இல் முடிவு வந்தது. தட்டியதால் அழுகை குறையவில்லை. தட்டிய குழந்தைகள் பாலைக் கக்கியதுதான் அதிகம். இது வெளியே தெரிந்தால் எங்கள் வீட்டில் ஆயா, அம்மா, அப்பா, நான் நான்கு பேருக்கும் ஒரே நாளில் வேலை போய்விடும்.

உண்மையில் கொஞ்சமாவது உதவியது இரண்டுதான். ஒன்று, டாக்டர் காட்டிக்கொடுத்தபடி முன்கையில் குப்புறக் கிடத்தி, கை கால் இரண்டு பக்கமும் தொங்க நடப்பது. இன்னொன்று அப்பா.

தூளி கூடத்து உத்திரத்தில் கட்டியிருந்தது. பட்டு நெய்கிற வீடுதான், ஆனால் பேரன் கிடந்தது ஆயாவின் நைந்த பருத்திப் புடவையில். பட்டு வழுக்கும், வியர்க்கும், மூத்திரம் பட்டால் போச்சு. தூளிக்குப் பத்தடி தள்ளித் தறி. ஒரு ராத்திரி அழுகை தாங்காமல் அப்பா எழுந்துபோய்த் தறிக்குழியில் இறங்கினார். நெசவாளர் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய சேலை பாதியில் நின்றிருந்தது. மிதியை மிதித்து நாடாவை ஓட்டினார். ஜக்கார்டு பெட்டி மேலே தடதடத்தது. பையன் விக்கலோடு நின்றான். கேட்டான். தூங்கினான். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஏழாம் மாதத்தில் வயிற்றுக் குழந்தைக்கு வெளிச்சத்தம் கேட்கும், அவன் உள்ளே இருந்தபடியே இந்தத் தறியைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தான். "கேஸும் இல்ல ஒண்ணும் இல்ல. நெசவாளி வீட்டுப் புள்ள" என்றார் அப்பா. அந்த ஒரு வாக்கியத்தில் மாப்பிள்ளையின் பரம்பரை முழுவதும் காணாமல் போனது.

சிக்கல் என்னவென்றால் தறி நின்றால் அவன் எழுந்துவிடுவான். அப்பா பன்னிரண்டு மணிக்கு நெய்தார், ஒரு மணிக்கு நெய்தார். அது கோர்வைச் சேலை, கரை நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அம்மா தூங்கி விழுந்ததும் நைட் ஷிப்ட் இல்லாத நாட்களில் என்னை உட்கார வைத்தார். பி.இ. படித்தபின் தறியில் உட்கார மாட்டேன் என்று நான் சொன்ன சபதம் அப்படி முடிந்தது. அந்தச் சேலை வழக்கத்தைவிடச் சீக்கிரமாக முடிந்து தறியிலிருந்து அறுபட்டது. சங்கத்தில் அப்பாவிடம், "என்ன, ஆள் வச்சிருக்கியா?" என்று கேட்டார்களாம். "மேஸ்திரி ஒருத்தன் வந்திருக்கான், விடமாட்டேங்கறான்" என்றாராம்.

நான்காம் மாதம் பிறக்கும் சமயம் ஆரணியிலிருந்து சம்பந்தி அம்மாள் பேரனைக் கூட்டிப்போக வந்தார். பொழுது சாய்கிற நேரம். எங்கள் வீட்டில் அவரவர் இடத்தில் தயாராக இருந்தோம். ஆயா விளக்கெண்ணெயோடு, அப்பா தறிக்குழியில் காலை விட்டபடி. அந்த அம்மாள் கை கால் கழுவிவிட்டு வந்து பையனை வாங்கித் தோளில் சாய்த்தார். தட்டக்கூட இல்லை. அவன் கூடமே கேட்கும்படி பெரிய ஏப்பம் ஒன்றை விட்டு, பின்பக்கமும் ஒரு வெடியைப் போட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கு அழவில்லை. மறுநாளும் அழவில்லை.

"ஒண்ணுமில்லைங்க. தூக்கற விதத்துல இருக்கு" என்றார் சம்பந்தி.

ஆயா வாயைத் திறக்கவில்லை. அப்பா தறியிலிருந்து காலை வெளியே எடுத்தார். தங்கை மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

போன வாரம் எதிர் வீட்டு அம்மாள் வந்தார். அவர் மகளுக்குப் பெண் குழந்தை, சாயங்காலமானால் வீட்டில் யாரும் சாப்பிட முடியவில்லையாம். உங்கள் ஆரணி சம்பந்தி கைராசிக்காரர் என்று தெருவெல்லாம் பேச்சு, அவர் நம்பர் கொடுங்கள் என்றார். ஆயா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அவங்களுக்கு எங்க நேரம்?" என்று சொல்லி, அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு வசம்பை எடுத்தாள்.

"உள்ளுக்குக் குடுக்காத, டாக்டரு திட்டும். தொப்புள சுத்தி மட்டும் போடு. நின்னாச்சின்னா யாரு குடுத்ததுன்னு சொல்லு."