உள்வழி எண்ணெய் இலக்கணம்

இவ்வியல் என்னுதலிற்றோ எனின், காற்று போகவேண்டிய இன்டேக் மேனிஃபோல்டில் எண்ணெய் நின்றால் அதன் பிறப்பும் வகையும் உணர்த்துதல் நுதலிற்று.

அவ்வெண்ணெய் இயல்பு, விகாரம் என இருவகைப்படும். விரல் வைத்தால் மினுங்கும் பசை இயல்பு. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவை முற்காலத்தார் ஒரு குழாய் வழியே தெருவில் விட்டனர். 1961இல் கலிஃபோர்னியாவின் புதுக் கார்களில் வந்த பிசிவி ஏற்பாடு, அதை இன்ஜினுக்கே திருப்பி ஊட்டியது. வாயுவோடு எண்ணெய் ஆவியும் ஒட்டிக்கொண்டு வரும், அது குற்றமன்று. குழாயைக் கழற்றிச் சாய்த்தால் ஒழுகுவதே விகாரம்.

விகாரம் நான்கு. ஐந்து என்பாரும் உளர்; அவர் டிப்ஸ்டிக்கின் மேற்கோட்டைத் தாண்டி எண்ணெய் ஊற்றுவதையும் ஒரு வகையாகக் கொள்வர். யாம் அதை ஓனர் விகாரத்துள் அடக்கி விட்டோம்.

முதலாவது, பிசிவி வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்வது. பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது மேனிஃபோல்டின் உறிஞ்சல் மிக வலிது. தடுப்பாரில்லை என்றால் எண்ணெயையும் இழுத்துவிடும். வால்வைக் கழற்றி ஆட்டுக. கலகலத்தால் உயிருண்டு, ஊமையாயின் கசடு பிடித்தது. கலகலப்பதாலேயே நல்லது என்று துணிதலும் பிழை, ஸ்பிரிங் தளர்ந்ததும் கலகலக்கும். விலையில் எளியது ஆதலால் பட்டறையில் இதற்கு மதிப்பில்லை. எம் காரைப் பார்த்த மெக்கானிக், “ஆயில் குடிக்குது சார், இன்ஜின் இறக்கணும்” என்றார். வால்வை ஆட்டினோம், ஊமை. புதியது போட்டபின் ஆயிலும் நின்றது, அவர் பேச்சும் நின்றது.

இரண்டாவது, பட்டறை வழக்கில் பேக் கம்ப்ரஷன். ரிங் தேய்ந்து, பிசிவி ஏற்பாடு தாங்காத அளவுக்கு வாயு கீழே இறங்குவது. ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வரும். இதையும் முன்னதையும் பிரிப்பது இடம். எண்ணெய் த்ராட்டிலுக்குப் பின்னே மட்டும் நின்றால் பிசிவியை ஐயுறுக. ஏர் ஃபில்டர் பெட்டி வரை ஏறியிருந்தால் ரிங்கையோ, அடைபட்ட பிசிவியையோ ஐயுறுக. துணிவதற்குக் கம்ப்ரஷன் டெஸ்ட் உண்டு: அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க, அளவு ஏறினால் குற்றம் ரிங்கினது.

மூன்றாவது டர்போ. இங்கே வீண்பழி மிகுதி. இன்டர்கூலர் குழாயில் எண்ணெய் கண்டதும் டர்போவை மாற்றச் சொல்வர். டர்போவுக்கு முந்திய குழாயைப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஈரமென்றால் எண்ணெய், கசிந்த வாயு திரும்பும் பிரீதர் குழாய் வழி வந்தது. அங்கே உலர்ந்து, பின்னே ஒழுகினால் மட்டுமே டர்போ சீல் குற்றவாளி. அப்போதும், ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்தபின்னரே தண்டனை. டீசல் வண்டியில் இது உயிர் சார்ந்தது. உள்ளே போகும் எண்ணெயையே எரித்து இன்ஜின் தானே சீறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மேல் கியரில் பிரேக்கை அழுந்த மிதித்துக் கிளட்சை விட்டு அடக்குவது ஒரு வழி. காற்றுவழியை அடைப்பது மற்றொன்று.

நான்காவது, சில வி வடிவ இன்ஜின்களில் மேனிஃபோல்டின் அடிக் கேஸ்கட் விட்டு, கீழிருந்து எண்ணெய் உறிஞ்சப்படுவது. வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

புறனடை: காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை கக்கி அடங்குவது பெரும்பாலும் வால்வு சீலின் வேலை. அவ்வெண்ணெய் சிலிண்டருக்குள் இறங்குமேயன்றி மேனிஃபோல்டுக்கு ஏறாது ஆதலின், புகையியலுள் கூறப்படும்.