பதினோராம் மாடிக்குக் குடிபோகும் பேராண்டிக்கு

வாடா பேராண்டி, இப்படி வந்து உக்காரு. மாசாய் பக்கம் பதினோராம் மாடியில பிளாட்டு வாங்கிட்டியாமே! நம்ம குடும்பத்துல செம்பனைக் குலைக்கு மேல அண்ணாந்து பார்த்தவன் எவனும் கிடையாது. நீ அதுக்கும் மேல போயி படுக்கப் போற. உங்கம்மா நம்ம ஊரு லாயாங் லாயாங் முழுக்கத் தமுக்கு அடிச்சிட்டா: "மலாய்க்காரவங்க, சீனவங்க, நம்மாளுங்க எல்லாரும் ஒண்ணா இருக்கிற எடம்ப்பா, விலையும் சல்லிசு."

சல்லிசா இருக்கிறதாலதாண்டா எல்லாரும் ஒண்ணா இருக்காங்க. மொதல்ல அதை மனசுல வாங்கிக்க.

இந்த ஊர்ல மூணு சனமும் எப்பவுமே ஒத்துமைதான்னு நான் கதை அளப்பேன்னு பார்க்கிறியா? அளக்க மாட்டேன். 1909ல ஜொகூர் பாரு வரைக்கும் ரயில் வந்துச்சு. அப்புறம் தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் தோட்டம். நாம லயத்துல, மலாய்க்காரவங்க கம்பத்துல, சீனவங்க கடைத்தெருவுல. 1950ல பிரிக்ஸ் துரையோட திட்டம் வந்துச்சு. காட்டோரத்துச் சீனவங்களைத் தூக்கி முள்வேலி போட்ட புதுக் கிராமத்துக்குள்ள வச்சாங்க. ஸ்டேசன்லயும் சந்தையிலயும் கோப்பிக் கடையிலயும் மூணு பேரும் கூடிக் கூடிச் சிரிச்சோம். பொழுது சாய்ஞ்சா அவனவன் மூலைக்கு அவனவன் போயிட்டோம். ஒரே சுவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா தலைவச்சுப் படுத்ததில்ல. பிரியத்துக்குக் குறைச்சல் இல்ல. பகல்ல மட்டும் வச்சிருந்த பிரியம் அது.

லயத்துச் சுவரு கூரையைத் தொடாது. ஒரு வீட்டுல புருசன் பெண்டாட்டி சண்டைன்னா பத்து வீடு தீர்ப்புச் சொல்லும். ஆனா பத்து வீடும் நம்மாளுங்கதான். அதுலயும் எந்த லயத்துல எவன்னு ஒரு கணக்கு இருந்துச்சு. அதை இப்பக் கிளற வேணாம், உங்க பாட்டி காதுல விழும்.

அப்ப மூணு பேரையும் ஒரே படிக்கட்டுல ஏத்தினது யாரு? எந்த மந்திரி பேச்சும் இல்ல. எண்பதுகள்ல மலிவு வீட்டுக்கு 25,000 வெள்ளின்னு விலை கட்டினாங்க. 1998ல எடத்தைப் பொறுத்து 42,000 வரைக்கும் ஏத்தினாங்க. பிபிஆர் வீடுன்னு அரசாங்கம் கட்டினது வேற, மாச வாடகை 124 வெள்ளி. தோட்டத்தைத் தாமானுக்கு வித்தப்போ லயத்தைக் காலி பண்ணின நம்மாளு, கம்பத்துலேர்ந்து தொழிற்சாலைக்கு வந்த மலாய்க்காரப் பொண்ணு, புதுக் கிராமத்துல அஞ்சு அண்ணன் தம்பிக்கு எடம் பத்தாத சீனப் பையன், மூணு பேர் கையிலயும் ஒரே அளவு காசு. அந்தக் காசுக்குக் கெடைச்சது ஒரே பிளாக்கு.

வாடகைக்கு வீடு தேடி நீ அலைஞ்சியே, அது எனக்குத் தெரியாதா? போன்ல உன் இங்கிலீசைக் கேட்டு "வாங்க, பார்க்கலாம்"ன்னவங்க, பேரைச் சொன்னதும் "ஐயோ, இப்பத்தான் போச்சு"ன்னாங்க. ரெண்டு மாசம் கழிச்சும் அந்த வீட்டு வாசல்ல போர்டு தொங்குச்சு. விலை ஏற ஏற இந்தச் சோதனையும் ஏறும். மலிவு பிளாட்டுல அந்தத் தொல்லை கம்மி. அங்க சோதிக்கிறதுக்கு யாருக்கும் வசதியில்ல.

பாலத்தைத் தாண்டினா சிங்கப்பூர்க்காரன் எல்லாச் சனத்தையும் ஒரே பிளாக்குல கலக்குறதைக் கணக்குப் போட்டுச் செய்யிறான். 1989லேர்ந்து ஒவ்வொரு பிளாக்குலயும் எந்த இனம் எத்தனை வீடுன்னு ஒரு வரம்பு. இப்ப இந்தியரும் மத்தவங்களும் சேர்ந்து ஒரு பிளாக்குல நூத்துக்கு 15 வீட்டுக்கு மேல போக முடியாது. நல்ல எண்ணந்தான். ஆனா சீனர் வரம்பு நெரம்பின பிளாக்குல நம்மாளு வீட்டை விக்கப் போனா, வாங்க வர்ற சீனருக்குக் கொடுக்க முடியாது. வாங்குறவங்க வட்டம் சுருங்குது, விலையும் எறங்குது. ஒத்துமைக்கு ஆகுற செலவை எப்பவும் கொஞ்சப் பேரு தலையிலதான் கட்டுவாங்க போல.

சரி, உன் மாடிக்கு வருவோம். வராந்தாவை உன் போன் படத்துல பார்த்தேன். ஒரு வாசல்ல செவப்புச் சாமி மாடம், பழைய பால் டின்னுல மணல் போட்டு ஊதுவத்தி. அடுத்த வாசல்ல ஏழு சோடி சப்பாத்து, அதுக்கு மேல ஒரு பூனை. அது வீட்டுக்காரவங்க பூனையா, சப்பாத்துக்குக் காவலான்னு எனக்குப் புரியல. அதுக்கடுத்து காஞ்சுபோன மாவிலைத் தோரணம். நம்மாளுதான், போன பொங்கலுக்குக் கட்டினது. அந்தப் பூனையை மட்டும் பகைச்சுக்காதே. அதுக்கு மீன் தலை போட்டீன்னா, பாதி மாடி உன் பக்கம். நாய் வளர்க்கணும்னு ஆசை இருந்தா அதை இங்க நம்ம வீட்டுலயே விட்டுட்டுப் போ.

வாசனை விசயம் ஒண்ணு இருக்கு. உன் கருவாட்டுக் குழம்பு, பக்கத்து வீட்டு பெலாச்சான், எதிர்வீட்டு டுரியான், மூணும் ஞாயித்துக்கெழமை மத்தியானம் வராந்தாவுல சந்திக்கும். அவங்கவங்களுக்கு அவங்கவங்க வீட்டுது மணம், அடுத்த வீட்டுது நாத்தம். நீ சன்னலைச் சாத்தாதே. சாத்தினா புழுங்கும், மரியாதையும் இல்ல.

சத்தமும் அப்படித்தான். விடியக்காலை நாலு மணிக்கே சிங்கப்பூர் வேலைக்குப் போற மோட்டார் எல்லாம் கீழ உறுமும். தெனம் மூணு லட்சம் பேருக்கு மேல கடக்கிற அந்தப் பாலத்துல நெரிசலுக்கு முன்னால போயிடணும்னு அவசரம். அப்புறம் சுபூ தொழுகைக்குப் பாங்கு. ஏழாம் மாசம் வந்தா சீனக் கூத்து மேடை. தைப்பூசத்துக்கு நம்ம பசங்க உறுமி பழகுவாங்க, கேக்கணுமா! நீ மத்தவங்க சத்தத்தைப் பத்திப் புகார் எழுத உக்காரும்போது நம்ம உறுமியை ஒரு தடவை நெனைச்சுக்க. பேனா தானா மூடிக்கும்.

தீபாவளிக்கு வீட்டைத் தொறந்து வச்சு எல்லாரையும் கூப்பிடு. கோழியை ஹலால் கடையில வாங்கு, மாட்டுக்கறியும் பன்னிக்கறியும் வேணாம். முறுக்கை மட்டும் கொஞ்சம் மெத்துன்னு சுடச் சொல்லு. சீனக் கெழவிக்குப் பல்லு இல்ல. சின்னப் பிள்ளைங்களுக்குக் கவர் தயாரா வை. சீனப் புத்தாண்டுக்குச் செவப்புக் கவரு, பெருநாளைக்குப் பச்சைக் கவரு, தீபாவளிக்கு ஊதாக் கவருன்னு மூணையும் வாங்குற பசங்க உன் மாடியில இருக்காங்க. நாட்டுல உண்மையான முகிப்பா, அதான் இன நல்லிணக்கம், அவங்ககிட்டதான் இருக்கு.

இனிமேதான் முக்கியமான சங்கதி, கொட்டாவி விடாதே. லயத்துல பைப்பு ஒழுகினா கிராணிகிட்டப் போயி நிப்போம். அவரு துரையைக் கைகாட்டுவாரு. ஒழுகிக்கிட்டேதான் இருக்கும், ஆனா திட்டுறதுக்கு ஒரு துரை இருந்தான். அந்தப் பிளாட்டுல துரையும் நீதான், கூலியும் நீதான். அதனால ஒழுகினா யாரைத் திட்டுறதுன்னு தெரியாம, மேல் மாடிக்காரவங்களை இனத்தோட சேர்த்துத் திட்டுவானுங்க. "அவனுங்களே அப்படித்தான்"னு உன் வாயிலயும் வரும். முழுங்கிடு. வாஷர் தேஞ்சுபோறதுக்கு இனம் ஏதுடா? 2013ல வந்த ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்துக்குக் கீழ விதி இருக்கு. சீலிங்கு ஒழுகுதுன்னு எழுதிக் கொடுத்தா ஏழு நாளுக்குள்ள நிர்வாகம் வந்து பார்க்கணும். வேற காரணம்னு தெரியிற வரைக்கும் குத்தம் மேல் வீட்டுலன்னுதான் எடுத்துக்கணும். சண்டைக்குப் போறதுக்கு முன்னால ஒரு கடுதாசி எழுது.

பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டு. அதுக்கு மேல பத்துல ஒரு பங்கு, பெரிய ரிப்பேருக்குன்னு தனி நிதியா வாங்குவாங்க, அதையும் கட்டு. கட்டாதவன் பேரை நோட்டீஸ் போர்டுல ஒட்டலாம்னு சட்டமே சொல்லுது. போயி அந்தப் பட்டியலைப் பாரு. மூணு இனத்துப் பேரும் எந்தப் பாகுபாடும் இல்லாம வரிசையா நிக்கும். வருசக் கூட்டத்துல பாக்கிக்காரனுக்கு ஓட்டுக் கிடையாது. லிப்டு மூணு மாசமா நிக்குதுன்னா, பாதிப் பேரு கட்டலை, கட்டின பாதியும் கூட்டத்துக்கு வரலைன்னு அர்த்தம்.

1975லேர்ந்து ருக்குன் தெதாங்கான்னு ஒண்ணு இருக்கு, அக்கம்பக்கத்துக் காவல். அதுல சேரு. பாதி ரோந்து, பாதி கோப்பி. ஆனா எந்த வீட்டுல வயசானவங்க தனியா இருக்காங்க, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகல, எல்லாம் அந்தக் கோப்பியிலதான் தெரியவரும்.

ஆறாம் மாடியில வங்காளதேசத்துப் பசங்க ஒரு வீட்டுல பன்னெண்டு பேர் இருக்காங்கன்னு மூஞ்சியைச் சுளிச்சியாமே. உங்கம்மா சொன்னா. நம்ம பழைய லயத்துல இப்ப யாரு குடியிருக்கான்னு வர்ற வழியில எட்டிப் பார்த்தியா? அவங்க ஊர்க்காரவங்கதான். உன் கொள்ளுத்தாத்தா கப்பல்ல வந்து எறங்கினப்போ ஒரு அறையில எத்தனை பேர் படுத்தாங்கன்னு யாரும் எண்ணல. எண்ணியிருந்தா நமக்கும் இதே பேச்சுத்தான்.

கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். நாளைக்கே போயி பாக்கியைக் கட்டிட்டு ரசீதை வாங்கு. கூட்டத்துல முன் வரிசையில உக்காந்து லிப்டைப் பத்திக் கேளு, மலாய்ல கேளு, எல்லாருக்கும் புரியும். புதுவீட்டுக்குப் பால் காய்ச்ச நானும் உங்க பாட்டியும் வர்றோம். ஆனா லிப்டு ஓடணும். பதினோரு மாடி ஏற என் முட்டியால ஆகாது.