வரம் தந்த சபைக்கு ஒரு நன்றி மடல்

பெறுநர்: மாண்புமிகு அமெரிக்கக் காங்கிரஸ், வாஷிங்டன்.
பொருள்: ஹீட் பம்ப் வரிச்சலுகை – நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா, அம்மையீர்,

2022 ஆகஸ்டில் பணவீக்கக் குறைப்புச் சட்டம் கொண்டுவந்தீர்கள். வீட்டுக்கு ஹீட் பம்ப் மாட்டினால் செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர், வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றீர்கள். நல்ல காரியம். இயந்திரமும் நல்லதுதான். ஏசியைத் திருப்பி ஓட்டுவதுபோல, பனிக்காலத்து வெளிக்காற்றில் மிச்சமிருக்கும் சூட்டை உள்ளே இழுத்து வருகிறது. ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டு மூன்று பங்கு வெப்பம் தருகிறது. அதன்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

எந்த ஹீட் பம்புக்குச் சலுகை என்று சட்டத்தைப் புரட்டியபோதுதான் உங்கள் புலமை விளங்கியது. எரிசக்தித் திறனுக்கான கூட்டமைப்பு ஒன்று வகுத்த படிகளில் அது உச்சப் படியைத் தொட வேண்டுமாம். ஆனால் 'மேம்பட்ட படி' என்று ஒன்று இருந்தால், அதை உச்சமாகக் கொள்ளக் கூடாதாம். உச்சத்துக்கு மேலும் ஓர் உச்சம் வைத்து, அதைக் கண்டுகொள்ளாதே என்று எழுதிய பேனாவுக்கு என் வந்தனம். அதோடு வடக்கே இருப்பவர்களுக்கு ஒரு அளவுகோல், தெற்கே இருப்பவர்களுக்கு வேறொன்று. 2025-இல் தயாரிப்பாளரின் நாலெழுத்துக் குறியீட்டையும் 5695-ஆம் வரிப் படிவத்தில் எழுதச் சொன்னீர்கள்.

சலுகை யாருக்கு என்பதில் உங்கள் கருணை இன்னும் மிளிர்ந்தது. 2,000 டாலரோ அதற்கு மேலோ வரி கட்ட வேண்டியவருக்கு முழுத் தொகை கிடைத்தது. 500 டாலர் வரி உள்ளவருக்கு 500தான். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத கிழவிக்கு ஒன்றுமில்லை. மிச்சத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போகவும் வழி இருக்கவில்லை. வாடகைக்கு விட்டுவிட்டு வேறிடத்தில் வசிக்கும் வீட்டுக்காரருக்குச் சலுகை இருக்கவில்லை; குடியிருப்பவர் கேட்க முடிந்தது. அதாவது அடுத்தவர் வீட்டுச் சுவரில் தன் காசில் ஹீட் பம்ப் மாட்டும் வாடகைதாரருக்காக ஒரு வாசலைத் திறந்துவைத்திருந்தீர்கள். அப்படியொரு மகானை நான் இன்னும் சந்திக்கவில்லை.

குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குத் தனியாக 8,000 டாலர் வரை தள்ளுபடியும் அதே சட்டத்தில் உண்டு. அதை மாநிலங்கள் கையில் கொடுத்தீர்கள். முதலில் திறந்த நியூயார்க்குக்கே 2024 மே மாதக் கடைசி ஆயிற்று. தெற்கு டகோட்டா வேண்டவே வேண்டாம் என்றது. தன் மாநிலம் கதவைத் திறக்கும் முன்பே, குளிர் தாங்காமல் வாங்கிவிட்டவருக்கு இந்தத் தள்ளுபடி இல்லை. அவர் செய்த பிழை, தை பிறக்கும் வரை நடுங்கிக்கொண்டு காத்திராததுதான் போலும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள் எங்கள் பக்கத்தில். நீங்கள் அந்தப் பூசாரியின் மானத்தைக் காப்பாற்றிவிட்டீர்கள்: சாமியே வரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2032 வரை என்று சொன்ன வரிச்சலுகையை, 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டத்தில், அந்த ஆண்டு டிசம்பர் 31-உடன் முடித்துவைத்தீர்கள். டிசம்பரில் முழுப் பணமும் கட்டி, மெக்கானிக் வர ஜனவரி ஆகிவிட்டதா? பைசா கிடையாது. வேலை முடிந்த நாள்தான் செலவழித்த நாள் என்று வரித்துறை ஆகஸ்டிலேயே விளக்கம் தந்துவிட்டது.

மறுபடியும் வரம் கொடுக்கும் எண்ணம் வந்தால், ஒரு சின்ன வேண்டுகோள். படி, படிவம், குறியீடு எதுவும் வேண்டாம். கடையில் எழுதும் பில்லிலேயே தொகையைக் கழித்துவிடுங்கள். வரி கட்டுகிறவருக்கும் கட்டாதவருக்கும் ஒரே தொகையாக இருக்கட்டும். சொன்ன ஆண்டுவரை அதை விட்டும் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒழுங்காக வரி கட்டும் ஒரு வீட்டுக்காரன்