டிராகனுக்கு இன்னும் இரண்டு கால்

எடின்பரோ,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"வீட்டுக்கார அம்மா எந்நேரமும் வீட்டிலேயே இருக்கிறாளாமே, பென்ஷன் வருகிறதா?" என்று கேட்டிருந்தீர்கள். பென்ஷன் இல்லை. ஆனால் காலை ஒன்பதுக்கு மேஜையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் ஒரு ராஜ்யத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மாயாஜால நாவல் எழுதுகிறவர். டிராகன், சூனியக்காரி, பேசுகிற வாள், இத்யாதி. அம்புலிமாமா வேதாளத்தை ஐந்நூறு பக்கம் பேசவிட்டு, விடையை அடுத்த பாகத்துக்குத் தள்ளிவைத்தால் எப்படியோ அப்படி.

இந்தத் தொழிலுக்கு ராசியான ஊர் என்று பெயர். ரௌலிங் அம்மையார் ஹாரி பாட்டர் கடைசிப் பாகத்தை 2007 ஜனவரியில் முடித்தது இங்கே பால்மோரல் ஹோட்டல் அறையில்தான். எங்கள் வீட்டுக்கார அம்மா எழுதுவது சமையலறையை ஒட்டிய அறையில். கூரை ஒழுகுகிறது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கிறது, அது நிரம்பினால் அத்தியாயம் நின்றுவிடும்.

வாடகையில் கொஞ்சம் கழித்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்குப் பதிலாக இரண்டு நாய்களை நான் காலையில் வெளியே கூட்டிப்போக வேண்டும். டாம் லாப்ரடார், மோலி டெரியர். டிராகன்களுக்கு நாக்கு சுளுக்குகிற பெயராகத் தேடித் தேடி வைக்கிறவர், நாய்க்கு மட்டும் கூப்பிட வசதியாகப் பெயர் வைத்திருக்கிறார். சட்டப்படி இரண்டின் கழுத்துப்பட்டையிலும் சொந்தக்காரர் பெயர், விலாசம். 2016லிருந்து தோலுக்கடியில் சிப்பும் கட்டாயம். ரேஷன் கார்டில் என் பெயரைச் சேர்க்க நீங்கள் அலைந்தது நினைவிருக்கிறதா? பதிவேட்டில் டாம் என்னைவிட உறுதியாக இருக்கிறான்.

மழை, வெயில் என்ற பேச்சே கிடையாது. (வெயில் என்று எழுதியது ஒரு மரியாதைக்கு.) பிளாக்ஃபோர்ட் குன்றைச் சுற்றி ஹெர்மிடேஜ் ஓடைக்கரை வரை போக வேண்டும். டாம் ஓரிடத்தில் நின்று முதுகை வளைத்தால், நான் பையை எடுக்க வேண்டும். பைக்குள் கையை விட்டு, அள்ளி, அப்படியே உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பி முடிச்சுப் போட வேண்டும். சூடு கைக்குத் தெரியும், அதற்குமேல் விவரிக்கவில்லை, சித்தியும் படிப்பார். அள்ளாவிட்டால் 80 பவுண்டு அபராதம், நம் பணத்தில் எட்டாயிரத்துக்கு மேல். அதனால் கோட்டு போட்ட கனவான்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள் எல்லோரும் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மாதிரி அதை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு நின்று, மழை நிற்குமா என்று பேசுவார்கள். யாருக்கும் யார் பெயரும் தெரியாது, நாய் பெயர் மட்டும் தெரியும். என்னை இந்த வட்டாரத்தில் "டாமோட ஆள்" என்பார்கள்.

பென்ட்லேண்ட் மலைப் பக்கம் போனால் சங்கிலியை அவிழ்க்கவே கூடாது. அங்கே ஆடுகள் மேய்கின்றன. நாய் ஆட்டைத் துரத்தினால் சொந்தக்காரருக்கு 40,000 பவுண்டு வரை அபராதம், ஒரு வருஷம் வரை ஜெயில். நம் தெரு நாய்களின் யோக்கியதைக்கு ஊரே உள்ளே போயிருக்கும்.

சாயங்கால நடைக்கு அம்மாவும் வருவார். டிசம்பரில் சாயங்காலம் என்பது மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வந்துவிடும், நாலு மணிக்குச் சூரியன் இருக்காது. அந்த இருட்டில் நடந்துகொண்டே கதையை உரக்க யோசிப்பார். "கிழவனை வியாழக்கிழமைக்குள் கொன்றுவிட வேண்டும், ஆனால் மகளுக்குத் தெரியக்கூடாது" என்றார் ஒருநாள். எதிரே ஸ்பேனியலோடு வந்தவர் அதற்குப் பிறகு ஓடையின் மறுகரையில்தான் நடக்கிறார்.

அம்மாவின் வாசகர்கள் அதைவிட வேடிக்கை. டிராகன் நெருப்புக் கக்குவதில் எவருக்கும் ஆட்சேபணையில்லை. ஒரு குதிரை தண்ணீர் குடிக்காமல் மூன்று நாள் ஓடிவிட்டது என்று மட்டும் ஒருவர் நாலு பக்கத்துக்குக் கண்டித்து எழுதியிருந்தார்.

பதிப்பக விஷயத்துக்கு வருகிறேன், உங்களுக்கு அதுதான் பிடிக்கும். முன்பணம் என்று மொத்தமாகத் தரமாட்டார்கள். கையெழுத்துப் போடும்போது ஒரு பங்கு, கைப்பிரதி கொடுக்கும்போது ஒரு பங்கு, புத்தகம் வரும்போது ஒரு பங்கு. விற்பனையில் அந்த முன்பணம் கழிந்த பிறகுதான் ராயல்டி. இதில் மூன்று பாகம் என்ற சம்பிரதாயம் வேறு. டோல்கீன் தன் பெரிய நாவலை ஒரே கதையாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்தைய காகித விலைக்குப் பயந்து பதிப்பகம் அதை 1954, 55ல் மூன்றாக வெட்டி வெளியிட்டது. அன்று காகிதம் மலிவாக இருந்திருந்தால் இன்று எங்கள் அம்மா இரண்டாம் பாகத்தில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கமாட்டார்.

இன்னொன்று கேளுங்கள். இங்கே பொது நூலகத்தில் யாராவது புத்தகத்தை இரவல் எடுத்தால் எழுதினவருக்கு அரசாங்கம் காசு தருகிறது. 1979ல் போட்ட சட்டம். ஒரு தடவைக்குப் பத்துப் பன்னிரண்டு பென்ஸ் வாக்கில், வருஷத்துக்கு வருஷம் மாறும். ஒருவருக்கு ஆண்டுக்கு 6,600 பவுண்டுக்கு மேல் கிடையாது. கிளை நூலகத்தில் கடல் புறாவை நீங்கள் திரும்பத் திரும்ப எடுத்த கணக்குக்கு, இந்தச் சட்டம் நம் ஊரில் இருந்திருந்தால் சாண்டில்யன் உங்களுக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்பியிருப்பார்.

போன மாதம்தான் பெரிய கலவரம். இரண்டாம் பாகத்தின் அட்டைப்படம் வந்தது. டிராகனுக்கு நாலு கால். முதல் பாகம் முழுக்க அதற்கு இரண்டே கால், இரண்டு சிறகு. பறக்கிற ஜந்துவுக்கு அதற்குமேல் எதற்கு என்பது அம்மாவின் கட்சி. கடிதம் போனது, பதில் வந்தது. அட்டை அச்சுக்குப் போய்விட்டது, தயவுசெய்து கதையில் இரண்டு கால் சேர்க்க முடியுமா என்று. அம்மா மோலியை இழுத்துக்கொண்டு வெளியே போனவர் இருட்டிய பிறகுதான் திரும்பினார். மறுநாள் காலை ஒரு புது அத்தியாயம் தயார். பூமிக்கடியில் ஒரு சுனை, குளித்த டிராகனுக்குக் கால் முளைக்கிறது. அச்சுப்படியில் எங்கெல்லாம் "இரண்டு கால்" என்று இருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போடும் வேலை எனக்கு. உண்மையைச் சொன்னால் புத்தகத்திலேயே நல்ல அத்தியாயம் அந்தச் சுனைதான். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

சித்தியிடம் சாம்பார்ப் பொடி அனுப்பச் சொல்லுங்கள். போன பொட்டலத்தில் பாதியை டாம் தின்றுவிட்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தான்.

அன்புடன்,
உங்கள் ரவி

பின்குறிப்பு: மூன்றாம் பாகத்தில் ஒரு கிழட்டுத் தளபதி வருகிறார். மூக்கு நுனியில் கண்ணாடி, வாய் நிறைய ஏதோ ஒரு இலை. வரி வசூலிக்க வந்தவனை வாசலிலேயே நிற்கவைத்து அவன் தாத்தாவின் கடனை ஞாபகப்படுத்துகிறார். நான் உங்களைப் பற்றி அம்மாவிடம் கொஞ்சம்தான் சொல்லியிருந்தேன். தளபதி சாகிறாரா என்று கேட்டேன். நாலாம் பாகத்துக்கு ஒப்பந்தம் வந்தால் பிழைப்பாராம்.