நானும் என் 48 வோல்ட்டும்

லைசென்ஸ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம். 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டர். துரத்துவதையே கௌரவக் குறைச்சலாகத் தெருநாய்கள் நினைக்கும் மின்சார ஸ்கூட்டர் எங்களுடையது. அரிசி மூட்டை, காய்கறி, மாவு மில் தூக்கு, மாமியார் என்று வீட்டுச் சுமை முழுக்க அதன் தலையில்தான். (இந்த வரி அச்சாகும் இதழ் எங்கள் வீட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்வேன்.)

சீட்டுக்கு அடியில் நாலு லெட் ஆசிட் பேட்டரி. ஒவ்வொன்றும் 12, ஆக 48 வோல்ட். செட் படுத்துவிட்டது. "லித்தியம் போட்டுடலாம் சார், பாதி வெயிட்கூட இருக்காது" என்றார் மெக்கானிக்.

"என்ன லித்தியம்?"

"நல்ல லித்தியம் சார்."

விடுவேனா? ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு வந்திருக்கிறேன். இரும்பு பாஸ்பேட் என்றால் செல்லுக்கு 3.2 வோல்ட், 16 செல் கோத்தால் 51.2, முழுச் சார்ஜில் 58.4. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் வகை என்றால் 13 செல், 54.6-க்கு மேல் ஏற்றினால் வம்பு. இரண்டில் இரும்பு பாஸ்பேட் சூட்டில் எளிதாகக் கொந்தளிக்காது. பழைய லெட் ஆசிட் சார்ஜரோ 59 வரை தள்ளும்.

"பழைய சார்ஜரே போதும் சார். ஓவராப் போனா பேட்டரியைக் கண்காணிக்கிற பி.எம்.எஸ். கட் பண்ணிடும்."

"அந்த பி.எம்.எஸ்.ஸே கெட்டுப்போனா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார் எந்த டிபார்ட்மென்ட்?"

பத்திரப்பதிவு என்று சொல்ல நாக்கு கூசியது.

விலையைக் கேட்டு மனைவி முகம் சுருங்கியது. "லித்தியம் அயனிக்கு 2019-ல் நோபல் கொடுத்தாங்களே, அதை வாங்கின குட்இனஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தினது நம்ம ஆறுமுகம் மந்திரம். மதுரையில படிச்சவர்" என்று எடுத்துவிட்டேன். "அவரா வந்து மாட்டித் தரப்போறார்?" என்றாள்.

கடைசியில் இரும்பு பாஸ்பேட், பி.எம்.எஸ்., அதற்கேற்ற சார்ஜர் எல்லாம் வாங்கியாயிற்று. ஒன்றைத்தான் யாரும் சொல்லவில்லை. பழைய மீட்டர் வோல்ட்டேஜைப் பார்த்துத்தான் மிச்சம் சொல்லும். லெட் ஆசிட் தளரத் தளர வண்டியும் முனகும், முள்ளும் இறங்கும். இரும்பு பாஸ்பேட்டில் கடைசிவரை வோல்ட்டேஜ் அசையாது. பிறகு மளமளவென்று சரியும், பி.எம்.எஸ். பட்டென்று துண்டித்துவிடும். போனில் மனைவி: "என்னங்க, உங்க நோபல் பரிசு ரயில்வே கேட்டுல நிக்குது. இப்பவரைக்கும் முள்ளு நிறையத்தான் காட்டிச்சு."

2022 டிசம்பரிலிருந்து கட்டம் கட்டமாக வந்த ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளின் கடும் சோதனைகள் பதிவு எண் உள்ள வண்டிகளுக்கு. தெருமுனைக் கடையில் கோத்த பேக்கை யார் சோதிப்பார்கள்? நான்தான். மாடிப்படிக்கு அடியில் இருந்த வண்டியைப் போர்ட்டிகோவுக்கு மாற்றி, சார்ஜ் ஏறும்வரை ஈசிசேரில் காவல் இருக்கிறேன். வீட்டுக்குள் விடவில்லை போல என்று எதிர்வீட்டுக்காரர் இரண்டு தடவை காபி கொண்டுவந்துவிட்டார். நல்ல டிகிரி காபி, மறுக்கவில்லை.

லித்தியம் மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பழைய சார்ஜரை அன்றைக்கே காயலான் கடையில் போட்டுவிடுங்கள். வீட்டில் கிடந்தால் அவசரத்துக்கு யாராவது செருகிவிடுவார்கள். எங்கள் வீட்டில் என்றால் அது நானாகத்தான் இருப்பேன்.