எல்லாமே ஒரிஜினல்!

அமெரிக்காவில் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகும் கிடார்காரர்கள், சத்தம் எப்படி என்று கேட்பதற்கு முன் ஜாதகம் கேட்கிறார்கள். 1965 ஜனவரியில், ஆம்ப்ளிஃபயர் செய்யும் ஃபெண்டர் கம்பெனியை ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு முன் பிறந்த பெட்டி உயர்குலம். சில வருடங்களில் முகப்புத் தகடு கறுப்பிலிருந்து வெள்ளிக்கு மாறியது. ஆரம்பத்தில் உள்ளே சர்க்யூட் பெரும்பாலும் பழசேதான். ஆனாலும் வெள்ளி முகத்துக்கு விலை ஒரு படி மட்டம்.

விற்பவரின் மூல மந்திரம், "எல்லாமே ஒரிஜினல்!" அதாவது, மின்தேக்கிகளை அறுபது வருடமாக யாரும் மாற்றவில்லை. இரண்டு முள் பிளக்கும் ஒரிஜினல், எர்த் கிடையாது. கிடார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதட்டை வைத்தால் சுருதி தானாக ஏறும்.

பென்சிலால் வால்வை லேசாகத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் "டங்" என்று பலமாகப் பதில் வந்தால் அதை மாற்றும் செலவு உங்களுடையது. ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவெர்ப் மாடல் வெறும் 22 வாட்தான். ஆனால் அந்தப் புகழ்பெற்ற கரகரப்பு வருமளவுக்கு வால்யூமைத் திருகுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் போட்டிருப்பார்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம். மூடியைக் கழற்றும் ஆசையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பழமைக்குப் பணத்தைக் கொடுங்கள், உயிரைக் கொடுக்காதீர்கள்.